கலைத்தூதும் கூத்துக் களரியும்

கலைகள் கடல் கடந்து செல்லுதல் புதியதொரு நிகழ்ச்சியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பம்பாயிலிருந்து பார்சி நாடகக் குழுவினர் கொழும்புக்கு வந்தனர். அவர்களை எவ்வரசும் தூதாக அனுப்பவில்லை. நுழைவுச் சீட்டுப் பணத்தை நம்பியே வந்தனர். எனினும், அவர்தம் பாட்டும் காட்சியமைப்பும் சிங்கள நூர்த்தி நாடகத்துக்கு வித்தாயின. இன்று அப்பணியை அரசுகள் மேற்கொண்டுள்ளன. இந்தியாவும் இலங்கையும் 1977 நவம்பர் 29 இல் புதுடில்லியிற் கைச்சாத்திட்ட பண்பாட்டு ஒத்துழைப்பு ஒப்பந்தமே இருநாட்டுக் கலைப் பரிமாற்றத்துக்கு அடிப்படையாகும். இவ்வொத்துழைப்பினால் நாம் பெற்றது யாது, பெறத் தவறியது யாது என்பதை ஆராய்தல் ஈண்டு நோக்கமாகும்.

பெற்றதை மறத்தல் நன்றியன்று. கொழும்பிலே 1998 இல் அமைந்த இந்தியப் பண்பாட்டு நிலையத்தில் இசையும் நடனமும் கற்பிக்கப்படுகின்றன. யாழ்ப்பாணத்திலே இந்திய நன்கொடையால் எழுந்த பண்பாட்டு மையம் 2023 பெப்ரவரி 11 இல் மக்களுக்கு உரித்தாக்கப்பட்டது. 2025 இல் திருவள்ளுவர் பெயரையும் பெற்றது. அறுநூறு பேருக்கு மேல் அமரத்தக்க அரங்கு, அருங்காட்சியகம், பதினொரு மாடிக் கட்டடம் ஆகியன அங்கு உள. நூலகத்தை எரியிற் பறிகொடுத்த நகரொன்றுக்கு இஃது அரிய பேறேயாம். ஆயினும், மண்டபம் கலைக்கு உறைவிடமேயன்றி உயிராகாது. அதன் உயிர் ஆசிரியனிடத்தே உள்ளது.

இதற்கு எமது மண்ணிலேயே சான்று உண்டு. மருதனார்மடத்திலே 1960 இல் இராமநாதன் சங்கீத அக்கடமி தோன்றியபோது மகாராஜபுரம் சந்தானம் தமிழகத்திலிருந்து வந்து அதன் அதிபராகப் பணியாற்றினார். அவர் ஒரு மாலைக் கச்சேரி செய்து மீண்டவரல்லர். இங்கு வதிந்து கற்பித்தவர். விருந்தினராக வருவோர் கைதட்டலைப் பெறுவர். வதிந்து கற்பிப்போர் மாணாக்கரை விட்டுச் செல்வர். அவ்வக்கடமி தனியார் அறத்தால் எழுந்தது என்பதும், 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்பதும் அரசினர் கருதத்தக்கன.

கூத்தின் வரலாறு வேறொரு பாடத்தைப் புகட்டுகின்றது. தமிழ்க் கூத்தோடு உறவுடைய நாடகம் என்னும் சிங்கள ஆடல் மரபைத் தழுவிப் பேராசிரியர் சரச்சந்திரர் 'மனமே' நாடகத்தை 1956 இல் மேடையேற்றினார். மொழியாற் பிரிவு செய்த சட்டம் பிறந்ததும் அவ்வாண்டேதான். சட்டம் கண்ட எல்லையைக் கலை காணவில்லை. பின்னர், கலைக்கழகத் தமிழ் நாடகக் குழுவின் தலைவராகிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் கிராமத்து அண்ணாவிமாரை நாடிச் சென்றார். பேராதனையிலே 'கர்ணன் போர்' 1962 இல் அரங்கேறியது. விடியும்வரை ஆடுவதைச் சுருக்கியமை குறையெனக் கூறுவாரும் உளர். அக்குறை ஒருபுறமிருக்க, அரசின் குழுவொன்று அறிந்தோரைத் தேடிச் சென்றமை போற்றற்குரியது. அண்ணாவியார் அங்கே காட்சிப் பொருளாகாது ஆசானாக மதிக்கப்பட்டார்.

இன்றைய ஒப்பந்தங்களிலே அம்மதிப்பு வேண்டும். இசையும் பரதமும் அயலகத்திலிருந்து எமக்கு வருகின்றன, வருக. ஆனால், ஈழத்தவர் கொடுப்பதற்கு எதுவுமில்லையா? மட்டக்களப்பின் வடமோடியும் தென்மோடியும் தொண்டைமண்டலத் தெருக்கூத்தோடு ஒப்புநோக்கத் தக்கன. அவற்றை ஒரு மணிநேர மேடைக்கு அடக்கி அனுப்புதல் எளிது, பயன் சிறிது. சட்டங்கொடுத்தல், சதங்கையணிதல், அரங்கேற்றம் எனப் பல திங்கள் ஊரோடு ஒன்றி வளர்வது கூத்து. ஆகலின், ஈழத்து அண்ணாவியார் ஒருவர் புரிசை போன்ற ஊரிலும், அவ்வூர்க் கலைஞர் ஒருவர் எமது சிற்றூரிலும் ஓராண்டு வதிந்து கற்பித்தற்கு வகைசெய்தல் வேண்டும். மண்டபச் செலவோடு ஒப்பிட அதற்காகும் பொருள் மிகச் சிறிது.

காலமோ காத்திருப்பதன்று. முதிய அண்ணாவியார் ஒருவர் மறையும்போது, ஏட்டிலே பாட்டு எஞ்சும். அதற்குரிய தாளக்கட்டும் ஆட்டமும் அவரோடு மறையும். அவற்றை மீட்டுத்தரும் வலிமை எந்த ஒப்பந்தத்துக்கும் இல்லை. பள்ளி விழாக்களிலே வரவேற்பு நடனத்தோடு அமைதியுறும் ஆசிரியராகிய நாமும் இப்பழியிற் பங்குடையோம். அரசுகள் வாயிலைத் திறக்கட்டும். வருவோர்க்கு மாணாக்கரைத் தருதல் எம் கடனாகும்.