ஓட்டின் சாயலும் உடலின் உறவும்: ஆழ்கடல் நுண்நத்தை வகைப்பாட்டு முறை குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சில மில்லிமீட்டர் அளவே உள்ள ஆழ்கடல் நத்தைகள் பெரும்பாலும் ஓட்டின் வடிவைக் கொண்டே குடும்பங்களில் சேர்க்கப்பட்டு வந்துள்ளன. அவ்வடிவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்பதை மெலனோட்ரிமியா ஆரான்சியாகா என்னும் சிற்றினத்தின் வகைப்பாட்டு வரலாற்றைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சிற்றினத்துக்குப் பெயரிடுவதும் அதைக் குடும்பத்தில் வைப்பதும் வேறுவேறு முடிவுகள் என்பது இதன் வாதம்.

முன்னுரை

ஆழ்கடல் சேற்றைச் சலிக்கும்போது சல்லடையில் தங்கும் நத்தை ஓடுகளுள் பல மணல்மணியினும் சற்றே பெரியவை. வெண்மை அல்லது கண்ணாடி போன்ற தோற்றம், இரண்டு மூன்று சுற்று, வட்டமான வாய், அடியில் அகன்ற கொப்பூழ்க்குழி என்பனவே அவற்றின் அடையாளம். இவ்வடிவுடைய ஓட்டை ஸ்கெனீடே குடும்பத்தில் சேர்ப்பது நெடுநாள் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சைக்ளோஸ்திரீமா என்னும் பேரினப் பெயரும் இவ்வாறே தாராளமாக வழங்கப்பட்டது. வேறெங்கும் அடங்காதவற்றைப் போட்டுவைக்கும் பெட்டிகளாகவே இவை பயன்பட்டன எனலாம்.

ஸ்கெனீடே என்னும் பெயர் 1851இல் தோன்றியது. அக்குடும்பத்துக்கு அடிப்படையான ஸ்கெனியா செர்புலாய்டெஸ் சிற்றினத்தை மாண்டேகு 1808இலேயே விவரித்திருந்தார். ஆனால் அச்சிற்றினத்தின் உள்ளுறுப்புகளை முப்பரிமாணத்தில் காட்டிக் குடும்பத்துக்கு உறுதியான வரையறை தேடிய ஹாஸ்புருனர் குழுவினரின் ஆய்வு 2016இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட 165 ஆண்டுகளில் குடும்பத்தின் இலக்கணம் உறுதிப்படாமலேயே அதற்கு உறுப்பினர்கள் சேர்ந்துகொண்டிருந்தனர்.

சிறுமை தரும் சாயல்

நத்தையின் உடல் சிறுக்கச் சிறுக்க ஓட்டின் சுற்றுகள் குறைகின்றன. செவுளின் இழைகள் குறைகின்றன. பெரிய உறவினங்களில் காணும் முத்துப்படலம் மறைந்துவிடுகிறது. தொடர்பற்ற பல மரபுகள் தனித்தனியே சிறுத்தபோது அவை ஏறக்குறைய ஒரே வடிவை அடைந்தன. ஸ்கெனியாவைப் போன்றே தட்டையாகச் சுருண்ட ஸ்கெனியாப்சிஸ் பிளானார்பிஸ் முற்றிலும் வேறொரு பெரும்பிரிவைச் சேர்ந்தது. அதன் அரநாக்கில் (ராடுலா) வரிசைக்கு ஏழு பற்களே உள்ளன. ஸ்கெனியாவின் வரிசையிலோ விசிறிபோல் விரிந்த பல பற்கள் உள்ளன. இங்கு நுண்ணோக்கியில் பற்களைப் பார்த்தாலே ஐயம் தீரும். ஆழ்கடலின் ஸ்கெனியா வடிவினர் பலரிடம் சிக்கல் இவ்வளவு எளிதில் தீர்வதில்லை. கானோ 2008இல் வெளியிட்ட மரபணு ஆய்வில் அவ்வடிவினர் சிலர் செகுவென்சியாய்டியா என்னும் வேறு கிளைக்கு மாற்றப்பட்டனர்.

மெலனோட்ரிமியா: பற்களும் போதாதபோது

கிழக்குப் பசிபிக் மேட்டின் வெந்நீர் ஊற்றுகளிலிருந்து கிடைத்த சில மில்லிமீட்டர் அளவுள்ள சுருள்நத்தையை 1984இல் கரோல் ஹிக்மன் மெலனோட்ரிமியா ஆரான்சியாகா எனப் பெயரிட்டு விவரித்தார். அவர் கட்டுரையின் தலைப்பே அதை விசிறிப்பல்லினருள் டுரோக்கேசியா என்னும் பிரிவில் வைக்கிறது. அரநாக்கு ஆய்வில் ஹிக்மன் பெரும் புலமையுடையவர். எனவே இதை ஓட்டை மட்டும் கண்டு எடுத்த முடிவு என்று ஒதுக்க இயலாது. ஐந்தாண்டுகள் கழித்து, 1989இல், ஹாஸ்புருனர் அந்நத்தையின் உடலமைப்பைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று அது நியோம்ஃபாலைனா என்னும் தனிப்பிரிவில் வைக்கப்படுகிறது.

அப்பிரிவுக்குப் பெயர் தந்த நியோம்ஃபாலஸ் ஃப்ரெட்டரே, 1977இல் வெந்நீர் ஊற்றுகள் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கலபகோஸ் பிளவிலிருந்து கிடைத்தது. மெக்லீன் 1981இல் விவரித்தது. அது சுருள்நத்தையே போலன்றித் தொப்பி கவிழ்த்தாற்போன்ற ஓடுடையது. சில செண்டிமீட்டர் வளர்வது. பெருத்த செவுளால் நீரை வடிகட்டி உண்பது. இவ்விரண்டின் ஓடுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர் எவரும் அவற்றை உறவினர் என்று சொல்லமாட்டார்.

ஹிக்மனின் முடிவு ஏன் நிலைக்கவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. விசிறிப்பல் அமைப்பு டுரோக்கஸ் கூட்டத்துக்கே உரிய புதுமையன்று. பல பழைய கிளைகள் பொதுவான முன்னோரிடமிருந்து பெற்று விடாமல் வைத்திருக்கும் சொத்து. பெரும்பாட்டன் காலத்துச் சொத்தைக் காட்டி இருவரை உடன்பிறந்தார் என்று நிறுவ இயலாது. ஓடு சிறுமையால் ஏமாற்றுகிறது. பல் பழைமையால் ஏமாற்றுகிறது. அன்றியும் 1984இல் நியோம்ஃபாலஸ் அறிமுகமாகி மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. அக்கிளை எவ்வளவு பரந்தது என அறிய அப்போது வழியில்லை. ஆகவே குறை அவருடையது அன்று. அவர் காலத்தில் தவிர்க்க இயலாதிருந்த முறையை, தவிர்க்க இயலும் இக்காலத்திலும் பின்பற்றுவதே குறை.

பெயரும் இடமும்

உடல் கிடைக்கும்வரை காத்திருந்தால் வெற்றோடாகவே கிடைக்கும் பல சிற்றினங்கள் பெயரின்றியே போகும் என்ற மறுப்பு எழலாம். அம்மறுப்பு வலுவானது. பெயரிட்ட பின்னரே ஓர் உயிரி சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது. இந்தியப் பெருங்கடலின் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் செதிற்கால் நத்தை 2001இல் கண்டறியப்பட்டு 2003இல் அறிவியல் உலகில் பேசப்பட்டது. ஆயினும் கிரைசோமல்லான் ஸ்குவாமிஃபெரம் என்ற பெயரில் முறையான விவரிப்பு 2015இல்தான் வந்தது. அழியும் நிலையிலுள்ள இனமாக ஐ.யூ.சி.என். அதைச் செம்பட்டியலில் சேர்த்தது 2019இல். ஆழ்கடல் சுரங்கத்தால் வரக்கூடிய அழிவே அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

எனினும் விலங்குப் பெயரீட்டு விதிகள் பேரினப் பெயரையும் சிற்றினப் பெயரையும் கேட்கின்றனவே தவிர, குடும்பத்தைக் கட்டாயமாகக் கேட்பதில்லை. பெயரிட்டுவிட்டு, குடும்பம் உறுதியாகவில்லை என்று எழுதுவது விதிமீறல் ஆகாது. அறிவுக்குறைவின் அடையாளமும் ஆகாது. சுரங்க உரிமம் பெற்றோர் தயாரிக்கும் உயிரினப் பட்டியலில் 'ஸ்கெனீடே, பெயரறியா இனம்' என்று ஒரு வரி இடம்பெற்றால், பரவலாக வாழும் ஏதோ ஒரு சிறுநத்தை என்றே படிப்பவர் கொள்வர். அவ்வரிக்குள் ஓர் ஊற்றில் மட்டுமே வாழும் தனிக்கிளை மறைந்திருக்கக் கூடும். 'குடும்பம் தெரியவில்லை' என்ற வரி குறைந்தது மேலும் தேடவாவது தூண்டும்.

பேரினத் தேர்விலும் இச்சிக்கல் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. உறவு தெரியாத சிற்றினத்தையும் ஏதேனும் ஒரு பேரினத்தில் வைத்தே ஆக வேண்டும். அங்கு ஐயத்தை வெளிப்படையாக எழுதுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

ஒரே மாதிரியை அணுகும் முறை

ஓட்டுக்குள் உடல் காய்ந்தேனும் எஞ்சியிருந்தால் எதை முதலில் செய்வது என்பது சிறு கேள்வியன்று. பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் உடலைக் கரைத்து அரநாக்கை எடுப்பது பழைய முறை. பற்கள் மிஞ்சும், மற்றவை அழியும். புரதத்தைச் செரிக்கும் நொதியைப் பயன்படுத்தினால் கரைசலில் மரபணுவும் அடியில் பற்களும் கிடைக்கும். ஆனால் செவுளும் சிறுநீரகமும் இதயமும் அப்போதும் போய்விடும். மெலனோட்ரிமியாவின் வரலாற்றில் பற்கள் விடைதராத இடத்தில் ஆராயப்பட்டவை அம்மெல்லுறுப்புகளே. ஆதலால் ஒரேயொரு மாதிரி மட்டும் இருக்குமிடத்தில், நிழற்படத்துக்குப் பின் நுண் ஊடுகதிர் வருடலால் உள்ளுறுப்புகளைப் பதிவுசெய்த பிறகே நொதியைத் தொட வேண்டும். அக்கருவி இல்லாத ஆய்வகம், மாதிரியைக் கரைக்காமல் சாராயத்தில் வைத்து, கருவியுள்ள வேறோர் ஆய்வகத்துக்கு அனுப்பலாம்.