பெயர் கேட்கும் புதிரும் கதை கேட்கும் புதிரும்

பாட்டு, உரை, நூல், வாய்மொழி, அங்கதம், முதுசொல் என்பவற்றோடு பிசியையும் ஒன்றாகச் சேர்த்து ஏழாக எண்ணினார் தொல்காப்பியர். பிசி என்பது விடுகதை. திண்ணையில் சிறுவர் விளையாடும் ஒன்றை நூலுக்கும் முதுசொல்லுக்கும் இணையாக அமர்த்திய அவருடைய துணிவு நினைக்குந்தோறும் வியப்பளிப்பது. ஒப்புமையால் உணர்த்துவது, குறிப்புகளைக் கூறிப் பொருளைத் துணியச் செய்வது என அதனை அவர் இரண்டாகவும் பகுத்தார். பிறையைக் கவ்விக்கொண்டு நடக்கும் மலை யாது என்று வினவி, யானை என விடை காட்டுவர் உரைகாரர். யானை எவரும் அறிந்த விலங்கே. ஆயினும் அவ்வினாவைக் கேட்டபின் நாம் காணும் யானை, முன்பு கண்ட யானை அன்று.

இத்தகைய மரபுக்கு உரியவர்களாகிய நாம், இன்றைய இளைஞர் பெரிதும் விரும்பும் ஒருவகைப் புதிர்களை ஏறிட்டும் பார்ப்பதில்லை. படக்கதைகளிலும் திரைப்படங்களிலும் வரும் கற்பனை மாந்தரைப் பற்றிய வினாடி வினாக்களையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம். காக்ஸ் டவுனில் பள்ளி ஆண்டுவிழா ஆயினும், தெரு இளைஞர் நடத்தும் விழா ஆயினும் இவை இடம்பெறாத நிகழ்ச்சி அரிது. பெங்களூர் வினாடி வினாவிற்குப் பேர்போன நகரம். 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ பிரையன் முதல் பொதுப் போட்டியை நடத்தினார்; 1983இல் இந்நகரில் கர்நாடக வினாடி வினாக் கழகம் தோன்றியது. ஆதலின் இங்குள்ள பிள்ளைகள் இவ்விளையாட்டில் ஈடுபடுவது இயல்பேயாகும். அதைப் பழிப்பது நம் நோக்கம் அன்று. எல்லா இலக்கிய வகைகளையும் போல இதிலும் நல்லதும் அல்லதும் உண்டு என்பதும், அவற்றைப் பிரித்தறிய ஓர் அளவுகோல் வேண்டும் என்பதுமே நம் கருத்து.

நாம் கண்ட வினாத்தாள்களில் பெரும்பாலானவை பெயரையும் எண்ணையுமே கேட்கின்றன. முகமூடி வீரன் பேண்டம் எத்தனையாவது தலைமுறையினன்? அவன் குதிரையின் பெயர் என்ன? விடைகள்: இருபத்தொன்று, ஹீரோ. இவற்றுள் சற்றே குறும்பான வினா ஒன்றும் உண்டு. அவனுடைய நாயின் பெயர் யாது என்று கேட்பர். டெவில் என்று விடை சொல்பவனை மடக்கி, அது நாய் அன்று, ஓநாய் என்பர். அரங்கம் சிரிக்கும், மதிப்பெண் குறையும். அவ்வளவே. கதை வந்த சுவடே தெரியாமல் அடுத்த வினா வந்துவிடும்.

அதே வீரனைப் பற்றி வேறொரு வினாவை எண்ணிப் பார்க்கலாம். இறந்துகொண்டே இருப்பினும் இறவாதவன் எனப் பெயர் பெற்றவன் யார்? லீ பாக் என்பார் 1936இல் படைத்த இக்கதையில், தந்தை இறந்தபின் மகன் அதே முகமூடியை அணிந்துகொள்கிறான். ஆதலால் ஒரே மனிதன் நானூறு ஆண்டுகளாக வாழ்வதாகக் காட்டு மக்கள் நம்புகின்றனர். இவ்வினாவுக்கு விடை தேடுபவன் கதையின் உயிர்நிலையைத் தொட்டே தீரவேண்டும். சோழ மன்னர்கள் பரகேசரி, இராசகேசரி என்னும் பட்டங்களை மாறி மாறிப் புனைந்ததும், அதனால் கல்வெட்டாய்வாளர் இன்றளவும் இடர்ப்படுவதும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆள் மறைய, பெயர் ஆள்வது அங்கும் உண்டன்றோ!

இந்திய மொழிகளில் படக்கதை பெருகியதற்கே பெயர் கேட்கும் வினா ஒன்று காரணமாயிற்று என்பது அறிந்து கொள்ளத்தக்கது. 1967இல் தில்லித் தொலைக்காட்சியில் ஒரு வினாடி வினா நிகழ்ந்தது. கிரேக்கப் புராணம் பற்றிய வினாக்களுக்குத் தட்டாமல் விடையிறுத்த மாணவர்கள், இராமனின் தாய் யார் என்றபோது விழித்தனர். அதனைக் கண்டு மனம் நொந்த அனந்த் பை, அமர் சித்திரக் கதை வரிசையைத் தொடங்கினார் என்பர். அவ்வரிசையின் முதல் பத்து இதழ்கள் மேனாட்டுத் தேவதைக் கதைகளே. பதினோராம் எண்ணாக வந்த கிருஷ்ணன் கதையிலிருந்துதான் நம் நாட்டுக் கதைகள் தொடங்குகின்றன. அம்முயற்சியில் நம் பெங்களூருக்கும் பங்குண்டு. அத்தேவதைக் கதைகள் கன்னடத்தில் இங்கிருந்தே வெளிவந்தன.

அனந்த் பையின் பணி பெரிது, அதில் ஐயமில்லை. ஆயினும் திறனாய்வாளன் ஒன்று கேட்கவேண்டும். கோசலை என்று அன்று ஒரு மாணவன் விடை சொல்லியிருந்தால், அவனுக்குக் கோசலையைத் தெரியும் என்று பொருளாகுமா? மூன்றெழுத்துப் பெயர் ஒன்று தெரியும் என்பதே பொருள். வினாவைச் சிறிது மாற்றுவோம். "உன்னைவிடப் பரதன் நல்லவன்" என்னும் கருத்தை இராமனிடமே சொன்னவர் யார்? விடை அதே கோசலைதான். முடி பரதனுக்கு என்று மகன் வந்து சொல்லும்போது, இது முறைமை அன்று என்று ஒரு சொல் சொல்லி, உடனே பரதனின் குணத்தை மகனினும் மேலாக வைத்துப் பேசும் தாயைக் கம்பன் காட்டுகிறான். கற்றவர் சிலர் இவ்வினாவுக்குக் குகன் என்று விடை கூறக்கூடும். ஆயிரம் இராமரும் பரதனுக்கு ஈடாகார் என்ற கருத்தைச் சொன்னவன் அவன்தானே என்பர். ஆனால் குகன் அதைச் சொன்னது பரதனிடம். இராமன் முகத்தெதிரே சொன்னவள் பெற்ற தாய். இவ்வேறுபாட்டை எடுத்து விளக்கும்போது அரங்கில் அயோத்தியா காண்டமே நடந்துவிடுகிறது. விடை ஒன்று, வினா இரண்டு. முன்னது பெயரைக் கேட்கிறது. பின்னது கதையைக் கேட்கிறது. நாம் தேடிய அளவுகோல் இதுவே.

இதனை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். நச்சுப் பொய்கைக் கரையில் யக்கன் தருமனிடம் பட்டியல் ஒப்பிக்கச் சொல்லவில்லை. வேதாளமும் அவ்வாறே. விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிக்கொண்டு அது சொல்லும் கதைகளும் கற்பனை மாந்தரைப் பற்றிய புதிர்களே அல்லவா? 1947இல் தொடங்கிய அம்புலிமாமா அக்கதைகளைப் பல்லாண்டு வெளியிட்டது. மன்னன் வாளேந்தி நடக்க, தோளில் வேதாளம் சாய்ந்திருக்கும் சங்கரின் ஓவியத்தை அறியாத தமிழ்வீடு அந்நாளில் குறைவு. அப்புதிர்களின் அமைப்பு கூர்ந்து நோக்கற்பாலது. விடை தெரிந்தும் வாய் திறவாவிடில் தலை சுக்குநூறாகும். வாய் திறந்து சரியாகச் சொன்னாலோ மௌனம் கலைந்ததென்று வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறும். சரியான விடைக்குப் பரிசு, அடுத்த கதை! இன்றைய வினாடி வினாவில் சரியான விடை கதையை மூடுகிறது, அங்கோ திறக்கிறது. இறுதிக் கதையில் தந்தை மகளையும் மகன் தாயையும் மணக்கின்றனர். அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்பது வினா. மன்னன் விடையறியாது வாளா நடக்கிறான். பெயர் கேட்கும் வினாவையும் வேதாளம் ஒருமுறை கேட்டது. ஆனால் எவராலும் பெயரிட முடியாத ஒன்றைத் தேர்ந்து கேட்டது.

இனி, எம் பகுதிக்கே உரிய ஓர் இடர்ப்பாட்டைச் சொல்லவேண்டும். காக்ஸ் டவுன், 1949இல் நகரோடு இணையும்வரை இராணுவக் குடியிருப்பைச் சேர்ந்திருந்தது. தமிழரும் கன்னடியரும் தெலுங்கரும் உருது பேசுவோரும் ஆங்கிலோ இந்தியரும் இங்குச் சுவரோடு சுவராக வாழ்ந்து வந்துள்ளனர். இத்தகைய இடத்தில் கற்பனை மாந்தர் பல பெயர்களில் உலவுகின்றனர். மாயாவி யார் என்று கேட்டுப் பாருங்கள். சிவகாசியிலிருந்து 1972இல் புறப்பட்ட முத்து காமிக்ஸின் முதல் இதழைப் படித்தவர், இரும்புக்கை மாயாவி என்பார். 1984இல் தொடங்கிய ராணி காமிக்ஸைப் படித்தவர், முகமூடி அணிந்த மாயாவியைச் சொல்வார். முன்னே கூறிய பேண்டமே அங்கு அப்பெயர் பூண்டவன். இராமகாதை கேட்டு வளர்ந்த பாட்டியோ, வாலியோடு பொருது பிலத்துக்குள் புகுந்த அசுரனைச் சொல்வார். மூவர் விடையும் சரியே. அண்டை வீட்டு இந்திக்காரச் சிறுவனோ பேண்டத்தை வேதாள் என்பான். விக்கிரமாதித்தனைக் கலங்கவைத்த அதே வேதாளத்தின் பெயர்! ஆங்கில வினாத்தாளுக்கு இவை எல்லாம் பிழை. நமக்கோ இவை செல்வம். ஒரே பெயர் மூன்று கதைகளுக்கு வாயிலாகும் இந்த வாய்ப்பை வினா அமைப்போர் கண்டுகொள்ளாதது நமக்கு வருத்தமே.

வருத்தத்திற்குக் காரணம் உண்டு. இப்பகுதித் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசுவர். எழுத்துக் கூட்டுவதற்கே தடுமாறுவர். பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும் போதும் என்றாகிவிட்டது. எம்மனோர் சிலர்க்கு எழுத்தை வசப்படுத்தியது பாடநூல் அன்று. மாயாவியின் அடுத்த கட்டத்தில் என்ன நேரும் என்ற தவிப்பே. கதை கேட்கும் வினா, பிள்ளையை மீண்டும் புத்தகத்திற்கு அனுப்பும். பெயர் கேட்கும் வினாவுக்குப் புத்தகமே வேண்டியதில்லை. மனப்பாடம் செய்த தாள் ஒன்று போதும்.

பெயரறிவும் இன்பந்தானே என்பார் உளர். உண்மை. ஹீரோ, டெவில் என்ற பெயர்களை ஒருவன் சொல்ல, அரங்கின் மறுகோடியில் இருப்பவன் முகம் மலர்வதை நாமும் கண்டிருக்கிறோம். ஒரே கதையை உண்டு வளர்ந்தோரின் உறவு அது. ஆயினும் அம்மலர்ச்சி ஏற்கெனவே அறிந்தவர்களுக்கே கிட்டுகிறது. அறியாச் சிறுவன் வாயிலுக்கு வெளியே நிற்கிறான். பிசியோ அறியாதவனையும் அழைப்பது. குறிப்புகளைப் பற்றிக்கொண்டு அவன் உள்ளே வரலாம்.

காக்ஸ் டவுனுக்குச் சர்வக்ஞ நகர் என்ற பெயரும் உண்டு. சட்டமன்றத் தொகுதியும் அப்பெயர் பூண்டதே. எல்லாம் அறிந்தவன் என்னும் பொருளுடைய பெயர், வினாடி வினாவுக்கு எவ்வளவு பொருத்தம்! ஆனால் அக்கன்னடப் புலவர் எவரிடமும் பெயர்ப் பட்டியல் கேட்டவர் அல்லர். அவர் பாடிய மூன்றடிப் பாக்களுள் விடுகதைகளும் உள்ளன. 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரியருகே வள்ளுவர் சிலையும், சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையும் சில நாள் இடைவெளியில் திறக்கப்பெற்றதை அன்பர்கள் மறந்திரார். சிலைகள் இடம் மாறியதுபோல் விடுகதைகளும் இடம் மாறினால் எமக்கு மகிழ்ச்சியே.

அடுத்த விழாவின் வினாத்தாளுக்கு ஒன்றை நாமே எழுதிப் பார்த்தோம். மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுதும் மறையும். இழந்த கைக்கு ஈடாக வந்த இரும்புக்கை மட்டும் மறையாது. தன்னை மறைத்துக்கொள்ள வல்லவன், தன் குறையை மட்டும் மறைக்க இயலாதவன் யார்? லூயி கிராண்டல் என்றாலும் சரி, இரும்புக்கை மாயாவி என்றாலும் சரி, முழு மதிப்பெண் தரலாம். கதையைப் படித்திராத சிறுவன், அந்தப் புத்தகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் அவனுக்கும் தரலாம்.