தெரிவை வகுப்பவர் யார்? – இரு திரைப்படங்களில் இன்மையும் அறமும்

இன்மையுற்ற மாந்தர் அறவழி நிற்பரா, பிறழ்வரா என வினவுவது பல திரைப்படங்களின் வழக்கம். அவர்தம் முன் வைக்கப்படும் தெரிவுகளை வகுத்தவர் யார் என வினவும் படங்கள் சிலவே. பெல்ஜியத்தின் தார்தென் உடன்பிறப்பினர் இயக்கிய ‘இரு பகல், ஓர் இரவு’ (2014), ஈரானின் அஸ்கர் ஃபர்ஹாதி இயக்கிய ‘ஒரு நாயகன்’ (2021) ஆகிய இரண்டும் அவ்வகையின.

முதற்படத்தில், மனச்சோர்வு நீங்கித் தொழிற்சாலைக்குத் திரும்ப முனையும் சாந்த்ராவுக்கு வேலையில்லை என்றாகிறது. ஆளுக்கு 1000 யூரோ ஊக்கத்தொகையா, சாந்த்ராவின் வேலையா என்பதை உடன் பணியாற்றும் 16 தொழிலாளரே வாக்களித்து முடிவுசெய்யுமாறு நிருவாகம் விட்டுவிடுகிறது. முதல் வாக்கெடுப்பில் தோற்றவள், மறுவாக்கெடுப்புக்கு முன்னுள்ள வார இறுதியில் வீடுவீடாகச் சென்று ஆதரவு வேண்டுகிறாள். மறுப்போரை இயக்குநர்கள் இழிந்தோராகக் காட்டவில்லை. அவர்களுக்கும் தவிர்க்கவியலாச் செலவுகள் உள்ளன. ஊக்கத்தொகைக்கு வாக்களித்த நாணம் தாளாது கால்பந்துத் திடலில் தைமூர் அழும் காட்சி படத்தின் உச்சம் எனலாம். வாக்குரிமை என்னும் பெயரில் நிருவாகம் தன் பழியைத் தொழிலாளர் தலையில் ஏற்றிவிட்டமை அங்கே புலனாகிறது.

ஃபர்ஹாதியின் ரஹீம், கடனுக்காகச் சிறைப்பட்டு இரு நாள் விடுப்பில் வெளிவருபவன். கதைக்களம் ஷிராஸ் நகரம். காதலி கண்டெடுத்த பையிலுள்ள 17 பொற்காசுகளை விற்கவே அவன் முதலில் முயல்கிறான். அவற்றின் விலை கடனடைக்கப் போதாதென அறிந்த பின்னரே உரியவரிடம் சேர்ப்பிக்க முற்படுகிறான். சிறை நிருவாகம் அவனை நேர்மையின் சின்னமாகத் தொலைக்காட்சியின் முன் நிறுத்துகிறது. தன் மகளின் சீர்ப்பொருளை இழந்த கடன்காரன் பஹ்ராமோ, தவறு செய்யாமைக்கே ஒருவனைப் பாராட்டுவதா எனக் கேட்கிறான். படத்தின் கூர்மையான வினா இதுவே. எனினும், பொய்யின்மேல் பொய்யாக முடிச்சுகளை அடுக்குவதில் ஃபர்ஹாதி சற்று மிகைபட நிற்கிறார்; தார்தென் படத்தின் எளிமை இங்கில்லை.

இரு படங்களிலும் கதையை இயக்குவது ஒரு குறுகிய கெடு என்பது நோக்கத்தக்கது. நிலத்தோடு பொழுதையும் முதற்பொருளாகக் கொண்ட தொல்காப்பியத்தில் பயின்றோர்க்கு இது புதிதன்று. நின்று எண்ணிப் பார்க்கும் ஓய்வு இம்மாந்தர்க்கு வாய்ப்பதில்லை.

பிறர் வகுத்த தெரிவுகளுக்குள் நிற்கும்வரை இருவர்தம் செயலும் ஐயத்திற்கு இடனாகிறது. அத்தெரிவையே மறுக்குமிடத்தில்தான் அவர்தம் அறம் தெளிவுறுகிறது. திக்கிப் பேசும் மகன் சியாவஷை இரக்கம் தேடும் காட்சிப்பொருளாக்கிச் சிறை அதிகாரி எடுத்த காணொளியை அழிக்குமாறு ரஹீம் மோதுகிறான். பின்னர்த் தலைமழித்துச் சிறைக்கு மீள்கிறான். சாந்த்ராவுக்கான வாக்குகள் 8க்கு 8 என நின்று, பெரும்பான்மையின்மையால் அவள் தோற்கிறாள். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காது விட்டு அவளை ஏற்றுக்கொள்வதாக நிருவாகி கூறுகிறார். அச்சத்தினூடே அவளுக்கு வாக்களித்தோருள் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும் உளர். அவள் மறுத்து வெளியேறி, நடந்தவாறே கணவனிடம் தொலைபேசியில் பேசுகிறாள். அவள் முகத்தில் தோல்வியின் சாயல் இல்லை.