ஆய்வுப் பொருளும் ஆய்வு வினாவும்

தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்கென இறுதி வருட மாணவர் சமர்ப்பிக்கும் ஆய்வேடுகளின் முன்னுரைகளைத் தொடர்ச்சியாக வாசிப்போர் அவற்றிடையே ஒரு பொதுப் பண்பினை எளிதில் அவதானிக்கலாம். முதற் பந்தியில் தமிழின் தொன்மை கூறப்படும், அடுத்ததில் குறித்த இலக்கிய வகையின் தோற்றமும் வளர்ச்சியும், அதன்பின் ஆசிரியரின் பிறப்பு, கல்வி, பெற்ற பரிசில்கள், பின்னர் இயல்களின் பெயர்கள், ஈற்றில் நன்றி. இவற்றிடையே எங்கோ ஓரிடத்தில் 'ஆராய்வதே இவ்வாய்வின் நோக்கமாகும்' என முடியும் வாக்கியம் ஒன்று தவறாது இடம்பெறும். எதனை ஆராய்வது என்பது அவ்வாக்கியத்தில் உண்டு. எதனை அறியும்பொருட்டு ஆராய்வது என்பதே இல்லை.

ஆய்வுப் பொருள் வேறு, ஆய்வு வினா வேறு. 'இன்ன எழுத்தாளரின் சிறுகதைகளிற் பெண் பாத்திரங்கள்' என்பது ஒரு பொருள். அதனைப் பற்றி நூறு பக்கமும் எழுதலாம், இருநூறு பக்கமும் எழுதலாம். எங்கே தொடங்குவது, எதனை விடுவது, எப்போது முடிந்தது எனக் கொள்வது என்பவற்றைப் பொருள் நமக்குச் சொல்லாது. அவற்றைச் சொல்வது வினா. வினா இல்லாதவிடத்து மாணவர் தமக்குக் கிடைத்த யாவற்றையும் வகைப்படுத்தி அடுக்குகின்றனர்: தாயாக, மனைவியாக, மகளாக, தொழிலாளியாக. வகைப்பாடு உழைப்புக்குரிய பணியே எனினும், அது விடையாகாது. கேட்கப்படாத ஒன்றுக்கு விடை இருத்தலும் இயலாது.

இக்குறைபாடு தமிழ்ப் புலமை மரபிலேயே உள்ளது எனச் சிலர் கூறுவதுண்டு. மேனாட்டார் வினவக் கற்றனர், நாம் போற்றக் கற்றோம் என்பது அவர்தம் வாதம். நூலின் முகப்பில் எது நிற்றல் வேண்டும் என்பது பற்றி நமது இலக்கணகாரர் சிந்தித்தேயுள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் எழுந்த நன்னூல், சிறப்புப் பாயிரம் உரைக்க வேண்டியவற்றை ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டாக வகுக்கின்றது. காலம், களம், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துரைப்பாரும் உளர் என்றும் அது குறிப்பிடுகின்றது. நூல் எழுந்தமைக்கான காரணம் இவ்வாறு பின்னர் வந்து சேர்ந்த ஒன்றாக, சிலர் மட்டுமே வேண்டும் எனக் கொண்ட ஒன்றாக இருத்தல் மனங்கொள்ளத்தக்கது. நம் மாணவரின் முன்னுரைகள் பெரும்பாலும் அந்த எட்டோடு நின்றுவிட்டவை எனலாம். ஆயினும் அதே நன்னூல், நூலாசிரியன் பிறர் கருத்துக்கு உடன்படுதல், மறுத்தல், இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிதல் முதலாக எழுவகை மதங்களைக் கூறுகின்றது. உரையாசிரியர்களோ ஒரு சூத்திரத்துக்குப் பொருள் கூறிய பின்னர்த் தாமே தடை எழுப்பி, அதற்கு விடையும் கூறிச் செல்வர். வினவும் பயிற்சி நமது மரபில் இருந்தது. அது பாயிரத்திலன்றி உரையின் உடலிலே வாழ்ந்தது. இன்றைய மாணவர் பாயிரத்தைப் பெற்றுக்கொண்டனர், உரையாசிரியரின் தடைகளை இழந்துவிட்டனர் என்பதே நம் கருத்து.

வினா எவ்வாறு உருவாகின்றது என்பதற்கு ஹோமர் ஆராய்ச்சியினை உதாரணமாகக் கொள்ளலாம். அதன் கிளை ஒன்று நம் சங்க இலக்கிய ஆராய்ச்சிவரை வந்திருப்பதால் இவ்வுதாரணம் நமக்குப் பெரிதும் பொருந்துவதாகும். 1795இல் வெளிவந்த வொல்ஃபின் நூலுக்குப் பின்னர், ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகளாக அறிஞர் கேட்டுவந்த கேள்வி 'இலியட்டையும் ஒடிசியையும் பாடியவர் யார்?' என்பதாகும். ஒரு மகாகவியின் ஆக்கம் என்றோர் ஒருபுறமும், பலர் பாடியவற்றின் தொகுப்பு என்றோர் மறுபுறமுமாக நின்று வாதிட்டனர். இருபுறத்தும் புலமைக்குக் குறைவில்லை. எனினும் வாதம் முடிவடையவில்லை. கேட்கப்பட்ட முறையில் அதற்கு முடிவும் இல்லை.

மில்மன் பரி என்ற அமெரிக்கர் அக்கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் தொடங்கியது மிகச் சிறியதொரு முரண்பாட்டிலிருந்து. கரையில் இழுத்து நிறுத்தப்பட்ட கப்பலும் காப்பியத்தில் விரைந்தோடும் கப்பலாகவே கூறப்படுகின்றது. அமர்ந்திருக்கும் அக்கிலீசும் விரைந்த காலினனாகவே இருக்கின்றான். முன்னையோர் இதனைக் கவிஞனின் அயர்வு என்றோ, ஆழ்ந்த நயம் என்றோ கூறித் தீர்த்தனர். பரியோ, ஒரு பெயருக்குப் பல அடைமொழிகள் இருக்க, குறித்த ஓரிடத்தில் குறித்த ஒன்று மட்டும் ஏன் வருகின்றது என வினவினார். யாப்பில் அப்பெயர் நிற்கும் இடமே அடைமொழியைத் தெரிவு செய்கின்றது என்பதை 1928இல் பாரிசில் சமர்ப்பித்த ஆய்வேட்டில் நிறுவினார். அவ்விடை அடுத்த வினாவைப் பெற்றது: இத்துணை நுட்பமான வாய்பாட்டுத் தொகுதியினை ஒருவர் தனித்து ஆக்கியிருக்க முடியாதெனின், அதனை வளர்த்த மரபு யாது, அதன் தேவை யாது? எழுதாது பாடுவோருக்கே அது தேவை என்பது தெளிவாகவே, 'யார் பாடினார்?' என்ற கேள்வி 'எவ்வாறு பாட முடிந்தது?' என மாறியது. மாறியதும் சான்று தேடவேண்டிய இடமும் மாறிற்று. பரி நூலகத்தை விட்டு 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியக் கிராமங்களில், எழுத்தறியாப் பாடகர் பல்லாயிரம் அடிகளைப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். 1935இன் இறுதியில் அவர் இளவயதிலேயே காலமானமையால், பணியை நிறைவு செய்தவர் அவருடைய மாணவர் அல்பேட் லோட். அவரது நூல் 1960இல் வெளிவந்தது.

இங்கு நாம் அவதானிக்க வேண்டியது பரியின் முடிவினை அன்று, அவர் வினாவை அடைந்த வழியினையே. அவர் வினாவுடன் வாசிக்கத் தொடங்கவில்லை. வாசித்தபோது முன்னோரின் விளக்கத்தில் அடங்காத ஒன்றைக் கண்டார். அதனை ஒதுக்கிவிடாது பற்றிக்கொண்டார்.

பேராசிரியர் க. கைலாசபதி பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்து, 1968இல் ஒக்ஸ்போட்டில் வெளியிட்ட தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல், இவ்வினாவைத் தமிழுக்குக் கொணர்ந்தது. அதற்கு முன்னர்ச் சங்க நூல்கள் பற்றிய கேள்விகளிற் பெரும்பாலானவை காலக் கேள்விகளே. எந்நூல் முந்தியது, எது பிந்தியது என்பதே வாதமாயிருந்தது. கைலாசபதி, பாடியோர் யார், எத்தகைய சமுதாயத்தில் அவர்தம் தொழில் நிலைபெற்றது, எவ்வுத்திகளால் பாடல் ஆக்கப்பட்டது என்று கேட்டார். பாணரும் பொருநரும் விறலியரும் உரைகாரர் தரும் அருஞ்சொற் பொருளாக இருந்த நிலை மாறி, ஒரு சமூக வரலாற்றின் மாந்தராயினர். முற்போக்கு ஆய்வு தமிழியலுக்கு அளித்த பெரும் பங்களிப்புக்களுள் இது ஒன்று என்பதில் நமக்கு ஐயமில்லை.

ஆயினும் ஒன்றைக் கூறவேண்டியுள்ளது. ஒரு வினாவை அது பிறந்த இடத்திலிருந்து வேறோரிடத்துக்குக் கொண்டுசெல்லும்போது, அங்கே அது புதிதாக அறிமுகம் செய்யப்பட வேண்டும். பரியின் வாய்பாட்டுக் கொள்கை, நெடும்பாடலை நிறுத்தாது பாடும் பாடகனின் நெருக்கடியிலிருந்து எழுந்தது. குறுந்தொகைப் பாடல்கள் பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிகள். நெடுந்தொகை எனப்படும் அகநானூற்றிலும் பாடலுக்கு 31 அடிகளே பேரெல்லை. எட்டு அடிக்கு அந்நெருக்கடி ஏது? அவ்வாறாயின் சங்கப் பாடல்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்கள் எப்பணியைச் செய்கின்றன? இந்த இடைவினா கைலாசபதியின் நூலில் போதிய அழுத்தம் பெறவில்லை என்பது நமது கணிப்பு. 1975இல் ஜோர்ஜ் ஹார்ட், வாய்மொழிப் பாணரின் பாங்கினைப் பின்பற்றி எழுத்தறிந்த புலவர் இயற்றியவை இவை எனக் கொண்டமையும், 2001இல் ஹெர்மன் டீக்கன் இன்னும் சென்று இவை மிகப் பிற்காலத்தில் அரசவையிற் புனையப்பட்டவை என வாதிட்டமையும் இவ்விடைவெளியை வேறுவேறு வகையில் நிரப்ப முயன்றவை. டீக்கனின் காலக்கணிப்பை ஆய்வாளர் பெரும்பாலானோர் ஏற்கவில்லை, நாமும் ஏற்கவில்லை. எனினும் இவர்களெல்லாம் உரையாட நேர்ந்தது 1968இன் வினாவுடன்தான்.

இனி, நமது அணியைச் சார்ந்த ஒரு குறையினையும் பேசாதிருத்தல் நேர்மையாகாது. 'இன்னாரின் நாவல்களில் சமுதாயப் பார்வை' என்ற தலைப்பு நமது துறைகளில் எத்தனை முறை பதிவாகியிருக்கும் என்பதைக் கணக்கெடுப்பது கடினம். அத்தலைப்பில் எழுதும் மாணவருக்கு விடை முன்னரே தெரியும்: ஆசிரியர் முற்போக்காளராயின் பார்வை உண்டு, அல்லாதவராயின் இல்லை. இதனைச் சமூகவியல் அணுகுமுறை என்று கூறுவது அவ்வணுகுமுறைக்குச் செய்யும் அநீதியாகும். 1888இல் மார்கரெட் ஹார்க்னசுக்கு எழுதிய கடிதத்தில் எங்கெல்ஸ் பல்சாக்கைப் பற்றிக் கூறியதை நினைவுகூர்தல் வேண்டும். முடியாட்சியின் ஆதரவாளனும் பிரபுக்கள்பால் அனுதாபம் கொண்டவனுமான ஒருவன், அப்பிரபுக்களின் வீழ்ச்சியைத் தன் அனுதாபத்துக்கு மாறாக வேறெவரினும் தெளிவாகக் காட்டியது அவருக்கு வியப்பளித்தது. எதிர்பார்த்த விடைக்கு எதிராக நிற்கும் சான்றிலிருந்தே அவரது வினா பிறந்தது. நம் ஆய்வேடுகள் அத்தகைய சான்றைக் கண்டால், அடிக்குறிப்பிற் புதைத்துவிட்டு அப்பால் நடக்கின்றன. தான் விரும்பாத விடையும் வரக்கூடும் என்ற நிலை இல்லாதவிடத்து, வினாக்குறி இருப்பினும் வினா இல்லை.

மாணவர் ஒருவர் 'உதயதாரகையின் தமிழ்ப் பணி' என்ற பொருளோடு வருகிறார் எனக் கொள்வோம். 1841இல் அமெரிக்க மிசனால் யாழ்ப்பாணத்தில் தொடங்கப்பெற்ற அவ்விதழ் தமிழும் ஆங்கிலமும் கொண்டதாக வெளிவந்தது. பணி என்ற சொல்லே விடையைக் கூறிவிடுகின்றது. பணி செய்ததா என யாரும் ஐயுறப் போவதில்லை. முதலில் அவர் இதழ்களை வாசிக்கட்டும். வாசிக்கையில், ஒரே செய்தி இருமொழியிலும் வருமிடத்து இரண்டும் ஒத்திருக்கின்றனவா, தமிழ்ப் பகுதி தன் வாசகரை யாராகக் கருதி விளிக்கின்றது என்பன கண்ணிற் படலாம். அங்கேதான் ஒரு வினா கருக்கொள்கின்றது: ஆங்கிலத்திற் கூறப்பட்டுத் தமிழிற் கூறப்படாதது யாது, ஏன்? இதற்கு இதழ்களைப் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டே விடை காண முடியும். வேறுபாடே இல்லை என்ற விடையும் வரலாம், அதுவும் அறியத்தக்கதே.

எந்த ஆண்டின் இதழ்கள் கைக்கு எட்டுகின்றன என்பதும் வினாவின் எல்லையை வகுக்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்த ஒரு பிரதேசத்தில், சான்றின் இருப்பு என்பது வெறும் நடைமுறைச் சிக்கல் அன்று. 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் முயற்சியால் இன்று பல இதழ்கள் மீளக் கிடைக்கின்றன. கிடைத்தவை, கிடைக்காதவை என்ற விபரம் முன்னுரையிலேயே வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். இருபது ஆண்டு இதழ்களுள் மூன்றாண்டு இதழ்களை மட்டும் கண்டவர், மூன்றாண்டுக்கான வினாவையே கேட்கலாம்.

முன்னுரையின் வேலை, ஆய்வாளர் நின்று திகைத்த இடத்துக்கு வாசகரையும் அழைத்துச் செல்வதாகும். உதயதாரகை பற்றி இதுகாறும் கூறப்பட்டது இது; அக்கூற்றுக்குள் அடங்காது நிற்கும் பக்கம் இது; ஆகவே எழும் கேள்வி இது என இரண்டு பக்கங்களில் அதனைச் செய்துவிடலாம். தமிழின் தொன்மை அங்கே வரவேண்டிய அவசியமில்லை. ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், செத் பேசன் ஆகியோரின் வாழ்க்கை வரலாறும், அவர்தம் கல்வி மொழிநடையை விளக்க உதவுமாயின் அன்றி வேண்டியதில்லை. முன்னுரை இறுதியில் எழுதப்படுவது நன்று என்பாரும் உளர். இருமுறை எழுதுவதே நன்று என்பது நமது எண்ணம். முதலில் எழுதியதையும் பின்னர் எழுதியதையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது வினா நகர்ந்துள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மாணவரை மட்டும் பொறுப்பாக்குதல் முறையன்று. வாசிப்புத் தொடங்குமுன்னரே தலைப்பைப் பதிவு செய்யுமாறு கேட்பவர்கள் நாமே. பதிவான தலைப்பிலிருந்து விலகக் கூடாது என்று விதிப்பவர்களும் நாமே. முதல் மூன்று மாதங்களுக்குப் பொருளை மட்டும் பதிவு செய்து, மூல நூல்களை வாசித்தபின் ஒரு பக்க அளவில் வினாவினை எழுதித் தரச் செய்து, அதன் பின்னரே தலைப்பை உறுதி செய்யலாம். வாய்மொழித் தேர்விலும், எத்தனை நூல்களைப் பார்த்தீர் என்று கேட்பதற்குப் பதிலாக, எதனைக் கண்டிருந்தால் உமது முடிவை மாற்றியிருப்பீர் என்று கேட்கலாம்.