கறுப்பு, சிவப்பு: வெகுளிப் பொருண்மையும் அதன் தோற்றமும்

தொல்காப்பிய உரியியல், கறுப்பு, சிவப்பு என்னும் இரு சொற்களுக்கும் வெகுளி என்று பொருள் கூறுகிறது. அடுத்த நூற்பாவில், அவை நிறத்தை உணர்த்தவும் உரியன என்கிறது. இவ்வைப்பு முறையைக் கொண்டு, வெகுளியே இச்சொற்களின் மூலப்பொருள், நிறம் பின்னர் வந்தது என முடிவு செய்வோர் உளர். இம்முடிவு உரியியலின் நோக்கத்தைக் கருதாமல் எழுந்தது. வெளிப்படையான சொல்லுக்குப் பொருள் கூற வேண்டியதில்லை என்பது அவ்வியலின் கொள்கை. நிறப்பொருள் யாவரும் அறிந்தது. வெகுளிப் பொருளே விளக்கம் வேண்டி நின்றது. ஆகவே அது முதலில் கூறப்பட்டது. நூற்பா வைப்பு முறை சொல்வரலாற்றின் வரிசை ஆகாது.

நிறத்திலிருந்து உணர்ச்சிக்குப் பொருள் விரிந்தது என்பதே ஏற்புடையது. சினத்தால் முகமும் கண்ணும் நிறம் மாறுதல் கண்கூடு. வடமொழியில் ‘ராகம்’ என்பதும் நிறமூட்டல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்தே வேட்கையைக் குறிக்க வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நாட்டிய சாத்திரம் ரௌத்திரச் சுவைக்குச் செந்நிறத்தையும் அச்சச் சுவைக்குக் கருநிறத்தையும் வகுக்கிறது. தமிழ் இலக்கணமோ கருநிறத்தையும் வெகுளிக்கே தருகிறது. எனவே இப்பொருண்மையை வடமொழிச் சுவைக் கோட்பாட்டின் வழிவந்ததாகக் கொள்ள இடமில்லை.

ஒரே உணர்ச்சிக்கு இரு நிறங்கள் ஏன்? வழக்கு இதற்கு ஓரளவு விடை தருகிறது. பதிற்றுப்பத்தின் இரண்டாம் பத்தில் சேரனின் சினம் ‘சிவந்து’ என்னும் எச்சத்தால் குறிக்கப்படுகிறது. அது படையெடுப்பாக உடனே செயற்படும் சினம். திருக்குறளின் இன்னாசெய்யாமை அதிகாரத்தில் வரும் ‘கறுத்து’ என்பதற்குப் பரிமேலழகர் செற்றம் கொண்டு எனப் பொருள் உரைக்கிறார். செற்றமாவது நெடிது நிற்கும் சினம். இன்றைய பேச்சிலும் ‘கறுவிக்கொண்டிருக்கிறான்’ என்பது மனத்துள் வைத்திருக்கும் பகையையே சுட்டும்; ‘கண் சிவந்தான்’ என்பது அக்கணத்துச் சினத்தைச் சுட்டும். சங்கப் பாடல்கள் அனைத்தும் இவ்வேறுபாட்டைக் கண்டிப்பாகப் பேணின என்று சொல்ல இயலாது. எனினும் இரு சொற்களும் ஒருபொருட் பன்மொழி என்று கடந்துசெல்வது பொருந்தாது.

இவ்விடத்தில் எழுத்து வேறுபாடு பற்றிய ஒரு கருத்தும் மறுக்கத்தக்கது. வல்லின றகரம் பெற்ற ‘கறுப்பு’ சினத்தை மட்டுமே குறிக்கும், நிறத்திற்கு இடையின ரகரம் பெற்ற ‘கருப்பு’ என்றே எழுதவேண்டும் எனக் கூறப்படுவதுண்டு. தொல்காப்பியம் கறுப்பு என்னும் ஒரே வடிவிற்கு இரு பொருளையும் உடன்படுகிறது. ‘கருப்பு’ பஞ்சத்தையும் குறிக்கும். கருப்புவில் என்பதிலோ அது கரும்பின் திரிபு. பிழை திருத்தும் ஆர்வத்தில் பழைய வடிவைப் பிழையாக்குவது முறையன்று.

மெய்ப்பாட்டியல் வெகுளியை வேறொரு கோணத்தில் அணுகுகிறது. உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கும் வெகுளியின் நிலைக்களன்களாக அங்குக் கூறப்படுகின்றன. நான்கும் பிறர் செய்யும் தீங்குகள். முகத்தின் நிறமாற்றம் அவற்றுள் இல்லை. உரியியல் சொல்லின் வழியே உடலில் தோன்றும் குறியைக் காட்ட, மெய்ப்பாட்டியல் அக்குறிக்கு முன்னிகழ்ந்த தீங்கைக் காட்டுகிறது. வெகுளி பற்றிய ஆய்வுகள் மெய்ப்பாட்டியலோடு அமைந்துவிடுவதால், தமிழில் சினத்தின் பெயர்கள் உடலிலிருந்து பிறந்தமை கவனம் பெறாது போகிறது.