உதயகிரி: என் பழைய குறிப்புக்கு ஒரு திருத்தம்

சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவில் போய் தக்கலை பஸ் பிடித்தால், புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. முன்னாடி இதைப் பற்றி எழுதினப்போ 'யாராலும் பிடிக்க முடியாத மலைக்கோட்டை'ன்னு போட்டிருந்தேன். பல பேர் அப்படித்தான் எழுதறாங்க, நானும் சரிபார்க்காம காப்பி பேஸ்ட். அந்த ஒரு வரியில் ரெண்டு தப்பு.

மலைக்கோட்டைன்னா செஞ்சி. மூன்று குன்றுகளை மதில் இணைக்கிறது, ராஜகிரி உச்சியிலேயே ஒரு கோட்டை. கீழ்மதில் விழுந்தாலும் மேலே ஏறித் தாக்குப்பிடிக்கலாம். முகலாயர்கள் 1690 முதல் 1698 வரை முற்றுகையிட வேண்டியிருந்தது. உதயகிரியில் கருங்கல் மதில் குன்றின் அடிவாரத்தைச் சுற்றி ஓடுகிறது. சுமார் 90 ஏக்கர், உள்ளே 260 அடிக் குன்று. ஒளிந்துகொள்ள இல்லை. அப்போதைய தலைநகர் பத்மநாபபுரம் பக்கத்திலேயே இருக்கிறது. குன்றை வெளியே விட்டால் எதிரி அதன்மேல் பீரங்கி ஏற்றிவிடுவான். அதனால் உள்ளே வளைத்தார்கள் என்பது என் ஊகம்.

'பிடிக்க முடியாத' என்பது இன்னும் மோசம். 1809 பிப்ரவரியில், வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை அடக்க வந்த கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்தது. அதற்குப் பிறகு உதயகிரியும் பத்மநாபபுரமும் சண்டையே இல்லாமல் கைமாறின. உள்ளே இருந்தவங்க கோழைகள்னு சொல்லிட முடியாது. பூட்டு ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருந்தது. மலையிலிருந்து வட்டக்கோட்டைக் கடற்கரை வரை நீண்ட அந்த அரண் போன பிறகு உதயகிரி தனியா என்ன செய்யும்? ஃபயர்வால் உடைஞ்ச பிறகு சர்வர் ரூம் கதவைப் பூட்டுற மாதிரிதான்.

அப்போ உதயகிரி எதற்கு? பட்டறை. 1741 குளச்சல் போருக்குப் பிறகு மார்த்தாண்ட வர்மாவிடம் சேர்ந்த டச்சுக் கம்பெனிக்காரர் டிலனாய் கோட்டையைப் புதுப்பித்தார், உள்ளே பீரங்கி வார்க்கும் உலை வைத்தார், படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுத்தார். பீரங்கி, குண்டு எல்லாம் இங்கேயே தயாரானது. திருவிதாங்கூரின் உண்மையான பலம் இந்த உலைதான், மதில் இல்லை.

1777இல் இறந்த டிலனாயின் கல்லறை உள்ளேதான், லத்தீனிலும் தமிழிலும் எழுத்தோடு இருக்கிறது. இப்போ கோட்டை வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. கல்லறையைப் பார்த்து, மானைப் பார்த்து, திரும்பிடறோம். 'டிலனாய் கோட்டை'ன்னே ஊரில் பேர். அவர் ஒருத்தரேவா உலோகத்தை உருக்கி ஊத்தினார்? துருத்தி ஊதின, அச்சு செஞ்ச, கரி சுமந்த நம்ம ஊர் ஆட்கள் அந்தப் பேருக்குள்ள இல்லை.

பழைய வரியை அடித்துவிட்டு 'திருவிதாங்கூரின் பீரங்கிப் பட்டறை' என்று மாற்றியிருக்கிறேன்.