‘பி’ என்றால் சீனி குறைவா?

2022 டிசம்பர் 30 முதல் சிங்கப்பூரில் டின், போத்தல் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் தரநிலை நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் சீனி 1 கிராம் வரை என்றால் ஏ, 5 வரை பி, 10 வரை சி, அதற்கு மேல் டி. நிறைவுற்ற கொழுப்பையும் பார்த்தே தரம் முடிவாகிறது.

ஒரு பனுவலாக வாசித்தால் இந்த முத்திரை சுருக்கமானது, தெளிவானது. எழுத்தோடு சீனியின் விழுக்காடும் உண்டு. ஆனால் ஒரு குறை: அது செறிவைச் சொல்கிறது, நாம் அதை மொத்த அளவாக எடுத்துக்கொள்கிறோம். தேக்காவுக்குக் கற்றல் பயணம் போனபோது ஒரு மாணவி கேட்டார்: “டீச்சர், இது பி தானே, பெரிய போத்தலே வாங்கலாம்ல?”

அங்கேயே கணக்குப் போட்டோம். செறிவைக் கனஅளவால் பெருக்கினால் கரைந்துள்ள சீனி கிடைக்கும்.

பி: 4 விழுக்காடு, 500 மி.லி. = 20 கிராம்.
சி: 6 விழுக்காடு, 250 மி.லி. = 15 கிராம்.

முழுவதும் குடித்தால் பி-யில்தான் சீனி அதிகம்!

முத்திரை பொய் சொல்லவில்லை. ஒரே அளவுள்ள பானங்களை ஒப்பிட அது உதவும். மாணவர்களே, கட்டுரையில் “பி தரப் பானத்தில் சீனி குறைவு” என்று எழுதாதீர்கள். “100 மில்லிலிட்டருக்குச் சீனி குறைவு” என்று எழுதுங்கள். அந்த அளவு விட்டுப்போனால் கருத்தே மாறிவிடும்.